உண்டவரும் இட்டவரும்
(நம் வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகள் பற்றி ஒரு மதிப்பீடு)

மும்பைத் தமிழ் அமைப்புகள் வெளியிடும் சிறப்பு மலர்களைப் புரட்டுவோர், வாழ்த்துரைகளுக்கும் விளம்பரங்களுக்கும் இடையே மூன்று வகைக் கட்டுரைகளைப் பெரும்பாலும் காண்பர். ஒன்று திருக்குறள் பற்றியது. மற்றொன்று நம் முன்னோர் இந்நகருக்கு வந்து வேரூன்றிய வரலாறு. பிறிதொன்று வெளிநாட்டுப் பயணம். முதலிரண்டினையும் ஆராய்ந்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர். மூன்றாவதனைத் திறனாய்வுக்குரிய பொருளாக எவரும் எண்ணுவதில்லை. விடுமுறையில் சென்று வந்தார், எழுதினார், படித்தோம் என்ற அளவில் விட்டுவிடுகிறோம். ஆயினும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்களில் நாவலைத் தொடாதவரும் கவிதையை நாடாதவரும் கூடப் பயணக் கட்டுரையை விடாது படிக்கின்றனர். பலராலும் படிக்கப்படும் எழுத்தை மதிப்பிடாது விடுதல் முறையன்று.

இக்கட்டுரைகள் பெரும்பாலும் ஓர் அச்சில் வார்த்தவை. விசா கிடைத்த செய்தியில் தொடங்கும். பெட்டியின் எடையும் அதனுள் வைத்த ஊறுகாய்ப் புட்டியும் அடுத்து வரும். பின்னர் நள்ளிரவில் விமான நிலையம், சன்னலோர இருக்கை, பணிப்பெண் கொணர்ந்த முதல் உணவு, வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் சில மணிநேர இடைத்தங்கல், அங்குள்ள கடைகளின் பளபளப்பு, மறுபடியும் விமானம், மறுபடியும் உணவு. கட்டுரையில் செம்பாதி இவ்வாறு கடந்த பின்னரே சென்ற நாடு தலைகாட்டும்.

இதனைக் கண்டு நகைப்போர் உண்டு. "நாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறார்களே" என்பர். அந்த நகைப்பில் நாம் பங்கு கொள்ளவில்லை. வழியும் தங்கலும் உணவும் தமிழ்ப் பயண இலக்கியத்தின் மிகப் பழைய பொருள்களாகும். உணவு பற்றி எழுதுவதில் குறையேதும் இல்லை. எழுதும்போது யார் கண்ணில் படுகிறார் என்பதே நாம் எழுப்பும் வினா. உண்டவர் தெரிகிறாரா? இட்டவர் தெரிகிறாரா?

ஆற்றுப்படை காட்டும் அளவுகோல்

இவ்வினாவிற்குரிய அளவுகோலை மேனாட்டுத் திறனாய்வு நூல்களில் தேட வேண்டுவதில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையின. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு வழிகூறி ஆற்றுப்படுத்துவது அதன் அமைப்பு. சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்குச் சொல்லுவது என்ற வகையில், நம் மலர்களில் வரும் பயணக் கட்டுரைக்கு ஆற்றுப்படையே மூதாதை எனலாம்.

இப்பாட்டுகளில் உணவுக்குப் பஞ்சமே இல்லை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும், ஆமூரில் உழவர் மனையின் வெண்சோறும் நண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பெரும்பாணாற்றுப்படையின் பாணன் எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் எனக் குடிதோறும் தங்கி, அவ்வந்நிலத்து உணவை உண்டு காஞ்சி நோக்கிச் செல்கிறான். இக்காலத்துச் சொல்லில் கூறின் இவை யாவும் இடைத்தங்கல்கள். ஆங்காங்குக் கிடைத்தவை பயண உணவுகள்.

ஆனால் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடியிருப்பில் கிடைத்த சோற்றை எவ்வாறு காட்டுகிறார் என்பதை நோக்க வேண்டும். எயிற்றியர் கரிய மண்ணைக் குத்திக் கிளறிப் புல்லரிசியைத் திரட்டுகின்றனர். நிலத்தில் குழித்த உரலில் அதனைக் குற்றுகின்றனர். ஆழ்ந்த கிணற்றின் உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பானையில் ஏற்றிச் சமைக்கின்றனர். அதன் பின்னரே விருந்தினனுக்குச் சோறு கிடைக்கிறது. அச்சோற்றின் சுவையினும் அதனை ஆக்கியவரின் உழைப்பே நம் நெஞ்சில் நிற்கிறது. இட்டவரைக் காட்டுவது என்று நாம் கூறுவது இதனையே.

மற்றொன்றும் கூற வேண்டும். சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நல்லூர் நத்தத்தனார், நல்லியக்கோடனின் விருந்தைச் சொல்லுமிடத்தே பாணன் தன் பழைய வறுமையையும் மறைக்காது சொல்ல வைக்கிறார். அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காணலாகாதென்று கதவடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்துண்ட காட்சி அது. அரண்மனை விருந்து பெருமை பெறுவது இந்த உப்பில்லாக் கீரையின் அருகில் நிற்பதால்தான். வந்த வழியை மறவாதவனே போகும் வழியைச் சொல்லத் தகுதியுடையவன் என்பது இதன் உட்கிடை.

உரைநடையில் நம் முன்னோடிகள்

இவ்வளவுகோலோடு சென்ற நூற்றாண்டின் பயண எழுத்தை நோக்குவோம். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார் (1911-1983) எளிய, சிறிய வாக்கியங்களில் எழுதியவர். எழுத்தில் தம்மை முன்னிறுத்திக் கொள்ளாமை அவர்தம் சிறப்பு. 1937இல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே காந்தியடிகள் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. நாடு நாடாகச் சுற்றிப் படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940இல் படத்தை வெளியிட்டார். இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வெறும் பொழுது என்று நாம் தள்ளுவது, பிறரை எண்ணத் தெரிந்தவர்க்கு எத்துணைப் பயன்படும் என்பதற்கு இது சான்று.

சோமலெ தகவல் திரட்டுவதில் வல்லவர். 'அமெரிக்காவைப் பார்' முதலிய நூல்களால் அயல்நாட்டின் நடைமுறைகளைத் தமிழ் வாசகர் கையில் கொடுத்தார். தி. ஜானகிராமன் 'உதயசூரிய'னில் ஜப்பானை ஒரு கலைஞனின் கண்ணால் கண்டார். அசோகமித்திரன், 1973இல் அயோவா நகரில் பல நாட்டு எழுத்தாளரோடு தங்கிய அனுபவத்தை 'ஒற்றன்!' என்னும் நாவலாக்கினார். அயலூரில் தனித்திருப்பவனின் சிறு சங்கடங்களையும், உடனிருந்த மனிதரையும் ஒருங்கே காட்டினார்.

ஆயினும் நம் மலர்க் கட்டுரைகளுக்கு நேரான வழிகாட்டி மணியன் எனலாம். ஆனந்த விகடனில் வந்து, பின்னர் அவர் தொடங்கிய இதழுக்கே பெயராக அமைந்த 'இதயம் பேசுகிறது' தொடர், நடுத்தரக் குடும்பங்களுக்கு வெளிநாட்டை வீட்டுத் திண்ணைக்குக் கொணர்ந்தது. அயலூரில் நம்மூர்ச் சாப்பாட்டைத் தேடும் ஆவல் அவர் எழுத்தில் வெளிப்படை. அதனைக் குறை கூறுவோர் அந்த எழுத்தின் உரையாடும் இயல்பையும், மனிதர்பால் அவர் கொண்ட ஆர்வத்தையும் மறந்துவிடுகின்றனர். அவரைப் பின்பற்றியோரோ ஆர்வத்தை விடுத்துச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டனர். நோய் அங்கே தொடங்கிற்று.

இடைத்தங்கலில் காண்பவை

இடைத்தங்கல் என்பது ஒரு காலத்தில் விமானத்தின் தேவையாக இருந்தது. 1948 ஜூன் 8ஆம் நாள் ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டன் சென்றது. ஒரே மூச்சில் அவ்வளவு தொலைவு பறக்கும் ஆற்றல் அக்கால விமானத்திற்கு இல்லை. இன்று மும்பையிலிருந்து இலண்டனுக்கு நேராகவே பறக்கலாம். எனினும் நம் குடும்பங்கள் பெரிதும் வளைகுடா வழியையே நாடுவது கட்டணம் கருதியே. பல ஊர்ப் பயணிகளை ஓரிடத்தில் திரட்டி, அங்கிருந்து பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவது அந்நிறுவனங்களின் வணிக முறை. 1985இல் துபாயில் தொடங்கிய எமிரேட்ஸ் நிறுவனம் முதலாண்டிலேயே பறந்த நகரங்களுள் பம்பாயும் ஒன்று.

இவ்விடைத்தங்கலைப் பற்றி நம் கட்டுரைகள் சொல்வன யாவை? தங்கக் கடை, சாக்லெட் கடை, தானே நகரும் நடைபாதை, கழிவறையின் தூய்மை. இவற்றோடு ஒரு வியப்பும் தவறாது வரும். சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த இளைஞன் பாட்டியிடம் தமிழில் பேசினான் என்பதே அவ்வியப்பு. "இங்கும் நம் தமிழ் ஒலிக்கிறதே" என்று மகிழ்ந்து, கட்டுரையாசிரியர் அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறார்.

அந்த இளைஞனின் ஊர் யாது? வீட்டைப் பார்த்து எத்தனை ஆண்டு? அவன் தங்குமிடத்தில் ஓர் அறையில் எத்துணைப் பேர்? அன்று என்ன உண்டான்? கட்டுரையில் விடையில்லை, வினாவே எழவில்லை. ஆற்றுப்படைப் பாணன் இவ்வாறு கடந்து சென்றிருந்தால் நமக்குப் புல்லரிசிச் சோறு கிடைத்திராது.

மும்பைத் தமிழர்க்கு இந்த மறதி பொருந்தாது. 1970களில் வளைகுடாவின் எண்ணெய்ச் செல்வம் பெருகியபோது, வேலை தேடிச் சென்ற தென்னாட்டவர் பலர் இந்நகரின் வழியாகவே சென்றனர். முகவரின் சொல்லை நம்பி, விசாவை எதிர்நோக்கி, உறவினர் குடிசையிலும் நெரிசலான விடுதியிலும் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தனர். அன்று மும்பையே அவர்க்கு இடைத்தங்கல். அவர் பெட்டியிலும் ஊறுகாய்ப் புட்டி இருந்திருக்கும். ஆனால் அவர் மலருக்குக் கட்டுரை எழுதவில்லை. எழுதுமாறு எவரும் கேட்கவுமில்லை. ஆகவே ஒரே விமான நிலையத்தின் இரண்டு கதைகளுள் விடுமுறைக் கதை மட்டும் அச்சேறிற்று. பிழைப்புக் கதை அச்சேறவில்லை.

தட்டில் வந்த உணவு

இனி உணவு. விமானத்தில் பரிமாறிய உணவு சப்பென்று இருந்தது என்னும் குறை இடம்பெறாத கட்டுரை அரிது. உப்பில்லை, காரமில்லை, சமைத்தவனுக்குக் கைமணமில்லை என்று தீர்ப்பு வழங்கப்படும். உண்மைக் காரணம் வேறு. பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் உள்ளதற்கு ஒப்பானது. அதாவது கொடைக்கானலில் அமர்ந்து உண்பது போன்றது. ஈரப்பதமும் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும். மூக்கும் நாவும் வறண்டு சுவையுணர்வு குன்றுகிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்நிலையில் உப்புச்சுவை 20 முதல் 30 விழுக்காடும், இனிப்பு 15 முதல் 20 விழுக்காடும் குறைவாக உணரப்படுகின்றன என்று காட்டிற்று. குறை உண்டவர் நாவில் இருக்க, பழி கண்காணாச் சமையற்காரர் மேல் விழுகிறது.

அச்சமையல் நடப்பது வானத்தில் அன்று. விமானம் புறப்படுவதற்குப் பல மணிநேரம் முன்னதாகத் தரையிலுள்ள பெருங்கூடத்தில் சமைத்து, விரைவாகக் குளிரூட்டி, தட்டுகளில் அடுக்கி, வண்டியில் ஏற்றி அனுப்புகின்றனர். வானில் அது சூடாக்கப்படுகிறது, அவ்வளவே. முன்கூட்டிச் சொல்லிவைத்த சைவ உணவு மற்றவர்க்கு முன்னதாகவே நம் கைக்கு வருவதும், பெயரும் இருக்கை எண்ணும் பார்த்து எவரோ அதனைத் தனியே பிரித்து வைத்ததால்தான். நூற்றுக்கணக்கான தட்டுகளிடையே நம் பாட்டியின் நோன்பைக் காத்தவர் அவர். கட்டுரையில் அவருக்கு அரை வரியும் இல்லை.

இவ்விடத்தில் மாட்டுங்காவை எண்ணிப் பார்த்தல் தகும். தனியராய் இந்நகருக்கு வந்த தென்னாட்டு எழுத்தர்க்கும் கணக்கர்க்கும் மாட்டுங்காவின் சாப்பாட்டு விடுதிகளே தாய்வீடாக விளங்கின. இரயில் நிலையத்தருகே 1942இல் தொடங்கிய ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இவற்றுள் ஒன்று. வாழையிலையில் சோறிட்டவர் உடுப்பிக்காரர். உண்டவருள் நம்மவர் பலர். மொழி வேறாயினும் பசியறிந்து இட்டனர். அக்கைகளை நம் முதியோர் இன்றும் நன்றியோடு பேசுவர். தாராவியிலிருந்து விடியலில் இட்லிப் பாத்திரத்தைச் சுமந்து நகரெங்கும் சென்ற நம்மவரோ, இந்நகரின் பிற மொழியாளர்க்கு இட்டனர். இட்டும் உண்டும் வேரூன்றிய சமூகம் நாம். விமானத்தில் ஏறியதும் உண்பவர் மட்டுமாக மாறிவிடுவது ஏன்?

ஓடுதளத்தின் கதை

இதனினும் கூர்மையான சான்று நம் விமான நிலையத்தின் வாயிலிலேயே உள்ளது. அமெரிக்க இதழாளர் கேத்தரின் பூ எழுதி 2012இல் வெளிவந்த 'பிஹைண்ட் த பியூட்டிஃபுல் ஃபாரெவர்ஸ்' என்னும் ஆங்கில நூல், மும்பைப் பன்னாட்டு விமான நிலையத்தை அடுத்துள்ள அண்ணாவாடி என்னும் குடிசைப் பகுதியைப் பற்றியது. அந்நூல் தரும் செய்தி இது: 1991இல் விமான நிலையத்தின் ஓடுதளத்தைச் செப்பனிடத் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் கொண்டுவரப்பட்ட தொழிலாளரே அப்பகுதியை உண்டாக்கினர். வேலை முடிந்த பின் ஊர் திரும்பாது, எதிரிலிருந்த சதுப்பு நிலத்தில் உலர்ந்த மண்ணைக் கொட்டிக் கெட்டிப்படுத்திக் குடிசை அமைத்தனர். தமிழில் மூத்தவரை 'அண்ணா' என்று அழைக்கும் வழக்கிலிருந்தே அப்பெயர் வந்தது.

இந்நூல் அந்த ஆண்டின் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. நம் விமானம் வேகம் பிடித்து எழும்பும் அந்தக் கருந்தளத்தைத் தமிழர் கைகள் செப்பனிட்டன என்பதை ஓர் அமெரிக்கப் பெண்மணி உலகுக்கு எழுதினார். அதே தளத்திலிருந்து ஆண்டுதோறும் பறந்து, திரும்பி வந்து, தமிழில் கட்டுரை எழுதும் நாம் அதனை எழுதவில்லை. சன்னலோர இருக்கையிலிருந்து கீழே தெரிந்த நீலத் தார்ப்பாய்களை "மும்பையின் குடிசைகள்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டோம்.

ஒரு மறுப்பும் விடையும்

இங்கே ஒரு மறுப்பு எழும். "பல ஆண்டுகள் சேமித்து ஒரு முறை விடுமுறை செல்கிறோம். மத்திய அரசு ஊழியர்க்குரிய விடுமுறைப் பயணச் சலுகையும் உள்நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. பேரக்குழந்தையைக் காணச் செல்லும் மூதாட்டியிடம் சமூக ஆய்வை எதிர்பார்ப்பது கொடுமையன்றோ?" என்று கேட்கலாம். இம்மறுப்பில் நியாயம் உண்டு. முதன்முறை வானில் செல்லும் அறுபத்தைந்து வயது அன்னைக்குத் தட்டில் வந்தது எவ்வுணவு என்ற அச்சம் சிறிதன்று. அதனை எழுதுவது இலக்கியத்திற்குத் தாழ்வும் அன்று. துணியில் முடிந்த எலுமிச்சம்பழச் சாதத்தை மடியில் வைத்துப் பிரிக்கும் கை, எந்தக் கலைக்கூடத்தை விடவும் நம்மைப் பற்றி மிகுதியாகச் சொல்லும்.

ஆயின் அந்த அன்னையிடம் நாம் கேட்பது ஆய்வு அன்று. தன் பசியை எழுதிய அதே பக்கத்தில், தனக்கு நீர் கொணர்ந்தவளின் சோர்வையும் ஒரு வரி எழுதுக என்பதே. பெரும்பாலும் அவ்வன்னையே அதனைக் கவனித்திருப்பார். "அந்தப் பெண் இராமுழுதும் உட்காரவே இல்லை" என்று வீடு திரும்பியதும் அடுப்படியில் சொல்லியிருப்பார். அதனைக் கட்டுரையாக்கும் மகனோ மருமகனோ, இது எழுதத் தக்கதன்று என்று நீக்கிவிடுகிறார்; அதற்குப் பதிலாக விமான நிலையத்தின் பரப்பளவைச் சேர்க்கிறார். கட்டுரைக்கு உயிர் தந்திருக்கக்கூடியது அவ்வாறு போய்விடுகிறது.

இது வெறும் நடையழகு பற்றிய பேச்சு அன்று. நம் மக்கள் எப்படி வாழ்ந்தனர் என்று நாளை ஒருவர் அறிய விரும்பின், பெரிய வரலாற்று நூல்களைக் காட்டிலும் இம்மலர்களையே புரட்டுவார். தாராவியில் ஒரு தலைமுறை தோல் பதனிட்டதும், அடுத்த தலைமுறை வளைகுடாவில் கட்டடம் எழுப்பியதும், அதற்கடுத்த தலைமுறை விடுமுறைக்கு விமானம் ஏறியதும் பல குடும்பங்களில் ஒரே தொடர். கடைசிக் கண்ணியை மட்டும் அச்சிட்டு வைத்தால், நாம் வானத்திலிருந்து குதித்தவர் போலத் தோன்றுவோம். உப்பில்லாக் கீரையை மறைத்த விருந்துப் பாட்டாக அது முடியும்.

ஆகவே மலர்க்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரைகளைக் குறைக்க வேண்டா; பெருக்குக. ஆனால் விடுமுறைக்குச் சென்றவரிடம் ஒன்று கேட்டு வாங்கும்போது, வேலைக்குச் சென்று மீண்டவரிடமும் ஒன்று கேட்டு வாங்குக. எழுதப் பழகாதவராயின் அவர் சொல்ல, இளைஞர் ஒருவர் எழுதட்டும். விமான நிலையத்திலும் அதன் உணவுக் கூடங்களிலும் பணிபுரியும் நம்மவரின் இரவுகளும் நம் மலரில் இடம்பெறட்டும். எழுதுவோர்க்கும் ஒரு சொல்: வழியில் உண்டவற்றைத் தாராளமாக எழுதுங்கள், ஒவ்வோர் உணவுக்கும் ஒரு முகத்தைச் சேர்த்து எழுதுங்கள்.

ஓடுதளத்தைச் செப்பனிட்ட அண்ணன்மாரின் பெயர் எந்தப் பயணச்சீட்டிலும் அச்சாவதில்லை. நம் மலர்களிலேனும் அவர்க்கு ஓரிடம் இருத்தல் வேண்டும்.